செந்தாமரை நின்ற இடம்

"இன்னைக்கு சாக்கு இல்லம்மா. நாளைக்குப் பாக்கலாம்" என்றார் இராஜாங்கம், நாற்காலியை விட்டு எழாமல்.

"முந்தாநாளும் இதைத்தான் சொன்னீங்க" என்றாள் ராஜாத்தி. "எனக்கப்புறம் வந்த வியாபாரி நெல்லுக்கு மட்டும் சாக்கு எங்கேருந்துங்க வந்துச்சு?"

"உன் நெல்லுல ஈரம் இருக்கு."

"மீட்டரை வச்சே பாக்கலியே! விடியக்காலையிலேருந்து கிளறிக் கிளறிக் காய வச்சிருக்கேன். இன்னொரு மழை பெஞ்சா அம்புட்டும் முளை விட்டுரும்ங்க."

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரசு நெல் கொள்முதல் நிலையம். இராஜாங்கம் அதன் பொறுப்பாளர். அதன் களத்தில் ராஜாத்தியின் குறுவை நெல் ஒரு வாரமாகக் கிடந்தது. குத்தகை நிலம். இந்த நெல் போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. கிழக்கே வானம் கழுவாத ஈயச் சட்டியைப் போலக் கறுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கார் வந்து நின்றது. முதலில் செந்தாமரை இறங்கினார். பின்னால், பையும் குடையுமாக எழில்மொழி.

கல்லூரி விடுதியில் எழில்மொழியின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த படங்கள் எல்லாமே செந்தாமரை எடுத்தவை. தூங்கப் போகும்போது அந்தப் படங்களுக்குள் இறங்கி நடப்பதாகக் கற்பனை செய்துகொள்வாள். இன்று அதே செந்தாமரை, நனையும் நெல்லைப் படம் எடுக்க வந்திருக்கிறார். எழில்மொழி வேலை பார்க்கும் வார இதழ் அவளையும் கூட அனுப்பியிருந்தது. "நீயும் ரெண்டு படம் எடு. முக்கியமா, அவங்க எப்படி எடுக்குறாங்கன்னு பாரு" என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அவள் பார்த்தாள்.

செந்தாமரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. களத்தில் முழங்காலிட்டு ராஜாத்தியின் கைகளைப் படம் எடுத்தார். டக். வியாபாரியின் மூட்டைகளை எடுத்தார். டக். பிறகு நேரே போய் இராஜாங்கத்துக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டார்.

"மேடம், நீங்க எந்தப் பத்திரிகை?" என்றார் இராஜாங்கம்.

டக்.

"சொல்லிட்டு எடுக்கலாம்ல?"

டக்.

ஒரு படம் எடுத்ததுமே திரையைப் பார்ப்பது எழில்மொழியின் பழக்கம். செந்தாமரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை! எழில்மொழி வெட்கப்பட்டுத் தன் கேமராவின் திரையை அணைத்தாள். அவரைப் போலவே குனிந்து, அவரைப் போலவே மூச்சை அடக்கி எடுக்கத் தொடங்கினாள்.

இராஜாங்கம் எழுந்தார். மீட்டரில் நெல்லைப் போட்டார். "ஈரம் சரியாத்தான் இருக்கு" என்று அது தன் கண்டுபிடிப்பு என்பதைப் போலச் சொன்னார். பின்னறையிலிருந்து சாக்குக் கட்டுகள் வந்தன.

"சாக்கு இல்லேன்னீங்களே?" என்றாள் ராஜாத்தி.

"இப்பதான் தேடி எடுத்தேன்."

"இவரு இம்புட்டு வேகமா நடந்து இந்த ஊரே பாத்ததில்லம்மா" என்று ராஜாத்தி எழில்மொழியின் காதில் சொன்னாள்.

மூட்டை தூக்குபவர்கள் வந்தார்கள். "ஏ சித்தீக்கு, துண்டை ஒழுங்காக் கட்டுய்யா, பேப்பர்ல வரப்போறே" என்று ஒருவர் கத்த, சித்தீக் தூக்கிய மூட்டையோடு நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மதியம் தாண்டியது. எழில்மொழி செந்தாமரையின் பக்கத்தில் போய், "அக்கா, பேராவூரணிக்கு வேற போகணும். படம் கிடைச்சிருச்சுல்ல?" என்றாள்.

"இரு. இது முடியட்டும்."

தராசுக்குப் பக்கத்தில் அவர் நகரவே இல்லை. ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் முள்ளின் எதிரே கேமராவைப் பிடித்தார். எடை துல்லியமாக இருந்தது. இத்தனை படங்களுக்குப் பிறகும் இன்னும் எந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறார்? எழில்மொழிக்குப் புரியவில்லை. பெரியவர்களின் பொறுமை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி மூட்டை கொட்டகைக்குள் போனதும் மழை இறங்கியது. காலியான களத்தில் தண்ணீர் தெறித்தது. ராஜாத்தி ஒதுங்கவே இல்லை. நனைந்தபடி நின்று சிரித்தாள். "பெய்யட்டும்! இப்ப நல்லாப் பெய்யட்டும்! அடுத்த நடவுக்குத் தண்ணி வேணும்ல!"

அதையும் எழில்மொழி எடுத்தாள்.

"நல்லபடியா போடுங்க மேடம்" என்று குடை பிடித்துக் கார் வரை வந்து வழியனுப்பினார் இராஜாங்கம்.

கார் நகர்ந்ததும் செந்தாமரை கையை நீட்டினார். "உன் கேமராவைக் குடு."

எழில்மொழி தயங்கிக்கொண்டே கொடுத்தாள். திரையைப் பார்க்காமலே எடுத்தவை, என்ன பதிவாகியிருக்கிறதோ? செந்தாமரை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மழையில் சிரிக்கும் ராஜாத்தியிடம் வந்ததும் நிறுத்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கே. இதுதான் அட்டைக்கு. உள்ளே போறதும் உன்னோடதுதான். உன் பேருலதான் வரும்."

"ஐயோ, நீங்க எடுத்தது இருக்கும்போது என்னோடது எதுக்குக்கா?"

செந்தாமரை தன் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"மெமரி கார்டு தஞ்சாவூர் ரூம்ல, லேப்டாப்புலயே சொருகிக் கெடக்கு. அவரை எடுத்த முதல் படத்துலயே, கண்ணு வச்சுப் பாக்குற இடத்துல 'கார்டு இல்லை'ன்னு தெரிஞ்சுபோச்சு. உன்கிட்ட ஒரு கார்டு கேக்கலாம்னுதான் நினைச்சேன், அதுக்குள்ள அந்த மனுஷன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டு மீட்டரைத் தேட ஆரம்பிச்சுட்டாரே!"