முதலில் சொல்ல வேண்டிய சொல்

பொன்மணியின் முறை வர இன்னும் ஒருத்திதான் பாக்கி.

மாடிப்படி முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதுகைச் சாய்க்கவில்லை. பட்டாளத்தில் படிந்த பழக்கம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறு பெண்கள். கரும்பலகை முன்னால் ஸாவித்ரி டீச்சர். கீழே கடையில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம் மேலே வரை கேட்டது.

ராஜபாளையத்திலேயே இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க நாலு இடம் உண்டு. அங்கெல்லாம் பையன்களும் வருகிறார்கள். அதனால் என் மருமகள் பொன்மணியை நானே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்து, வகுப்பு முடியும் வரை காத்திருந்து, கூட்டிப்போகிறேன்.

புருஷனிடம் போகப் போகிறாள், அதற்காகப் படிக்கிறாள் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். என் மகன் ராம்கி மஸ்கட்டில் வேலை பார்க்கிறான் என்பதும் நான் ஊரில் சொன்னதுதான்.

சித்திரையில் அவன் பொன்மணியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விட்டான். அது வீட்டுக்குள் மட்டும் தெரியும். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசியதில்லை. நான் இருக்கும் வரை பேசவும் விடமாட்டேன்.

டீச்சர் பலகையில் இரண்டு தொடக்கங்களை எழுதியிருந்தார். ஐ திங்க் தட். ஐ நோ தட். ஒவ்வொருத்தியும் எழுந்து, தன் வீட்டு விஷயத்தை வைத்து இரண்டையும் முடிக்க வேண்டும்.

"பொய் சொல்லப்படாது. நிஜத்தைச் சொன்னாத்தான் பாஷை நாக்குல ஒட்டும்" என்றார்.

இப்படியும் ஒரு பாடமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து போய் பொன்மணியைக் கூப்பிட்டுவிடலாமா என்று பார்த்தேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வெளியே எடுக்காமலே அமுக்கினேன்.

காளீஸ்வரி எழுந்தாள். என் ஒன்றுவிட்ட தம்பி மகள், சேத்தூரில் வாக்கப்பட்டவள். இங்கே கேட்டதை இருட்டுவதற்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவள்.

"ஐ நோ தட் மை மதர்-இன்-லா ஹைட்ஸ் த டிவி ரிமோட்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க ஒளிச்சு வைக்காவன்னும் தெரியும் டீச்சர். அரிசிப் பானைக்குள்ள!"

பட்டாளத்தில் நான் வயர்லெஸ்ஸில் இருந்தேன். எங்கள் மேஜருக்குப் பலகையில் இருந்த இந்தச் சொற்கள்தான் முதலில் வர வேண்டும். நினைக்கிறாயா, தெரியுமா, அதைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல் என்பார். இங்கிலீஷில் வாயைத் திறக்கும்போதே மாட்டிக்கொள்கிறோம்.

நம் பேச்சில் அப்படியில்லை. மகன் மஸ்கட்டில் நன்றாக இருக்கிறான் என்பதுவரை சொல்லிவிட்டு, எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் தெரியும் என்றோ, நினைக்கிறேன் என்றோ, சொன்னார்கள் என்றோ முடித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி இடத்தில்தான் நான் இத்தனை மாதமும் நின்றுகொண்டிருக்கிறேன்.

பொன்மணி எழுந்தாள்.

"ஐ திங்க் தட் மை ஹஸ்பண்ட் இஸ் வெல்."

என் மருமகள். மூச்சு விட்டேன்.

"வெரி குட். அடுத்தது?"

"ஐ நோ தட்..."

நின்றுவிட்டாள். தெரியும் என்று சொல்லியாகிவிட்டது. என்ன தெரியும் என்பதுதான் வரவில்லை.

போன் மறுபடியும் அதிர்ந்தது. அமுக்கினேன்.

பொன்மணி டீச்சரைப் பார்க்கவில்லை. வாசல் வழியாக என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"ஐ நோ தட் மை ஃபாதர்-இன்-லா டாக்ஸ் டு ஹிம் எவ்ரி டே."

என் மாமனார் தினமும் அவரோடு பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். மனசுக்குள் தமிழில் புரட்டிப் பார்த்தேன். தெரியும் என்பது கடைசிக்குப் போனதே தவிர, எங்கும் போய்விடவில்லை.

டீச்சர் கைதட்டினார். உள்ளே ஒருத்திக்கும் அதிலிருந்த குத்து விளங்கவில்லை. குடும்ப மானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"குடுத்து வச்சவிய பெரியப்பா நீங்க! எங்க வீட்டுல உள்ளூர்லயே போன் எடுக்க மாட்டேங்காவ" என்றாள் காளீஸ்வரி.

மூன்றாம் முறையாகப் போன் அதிர்ந்தது. இந்த முறை எல்லோர் காதிலும் விழுந்தது.

"எடுங்க பெரியப்பா, அண்ணனாத்தான் இருக்கும். மதினிகிட்ட குடுங்க, நாங்க காதைப் பொத்திக்கிடுதோம்!"

எடுக்காமலிருக்க ஒரு காரணமும் என்னிடம் இல்லை. ஊரில் நான் சொன்னதெல்லாம் எடுக்கச் சொன்னது.

பொன்மணி வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். பச்சையை அமுக்கிக் கொடுத்தேன்.

அவள் ஹலோ சொல்லவில்லை. அப்பனோடு பேசுவதாக நினைத்து அவன் பேசிக்கொண்டே போனான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். சிரித்த முகம் மாறவில்லை. பிறகு போனை அணைத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தாள்.

"என்ன மதினி சொல்லுதாவ அண்ணன்? எப்ப வாராவளாம்? எங்க இருந்து பேசுதாவ?"

"எனக்கு எப்படித் தெரியும்? மாமா சொல்லுவாவ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீச்சரும் சாக்பீஸோடு திரும்பினார்.

ராம்கி ஆலங்குளத்தில் இருக்கிறான். இங்கிருந்து பஸ்ஸில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். தெரிந்தால் பொன்மணி அங்கே போய் நிற்பாள், அவள் நின்றால் ஊருக்குத் தெரியும் என்றுதான் மறைத்தேன்.

அவள் எங்கும் போய் நிற்கவில்லை. என் எதிரில்தான் நின்றாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முதுகை நிமிர்த்தினேன்.

"எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தேன்.