மாதக் கடைசியில் வந்த அமாவாசை

"போச்சு, நின்னு போயிடுத்து! சேஷு, இங்கே வாயேன், நெட்டு லிமிட் தீந்துடுத்து!"

ராமபத்ர வாத்தியாரின் தொண்டைக்கு மட்டும் இன்னும் எந்தக் கம்பெனியும் லிமிட் வைக்கவில்லை. கல்பாத்தித் தெருவில் நாலு வீடு தாண்டிக் கேட்டது.

மனைவி சேஷம்மாள் கரண்டியும் கையுமாக வந்து பார்த்தாள். மணையின் மேல் சாய்த்து வைத்த டேப்லெட்டில் நியூஜெர்சி அமர்நாத். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் மூக்கைப் பிடித்தபடி, பிராணாயாமத்தின் நடுவில் அப்படியே உறைந்திருந்தான். அங்கே விடியற்காலை, இங்கே சாயங்காலம் நாலு மணி. தர்ப்பணம் இன்னும் சங்கல்பத்துக்கே வரவில்லை.

வாத்தியார் டேப்லெட்டில் ரெண்டு தட்டுத் தட்டினார். "அமர்நாத்! கேக்கறதா?"

இமைகூட அசையவில்லை.

முன்பெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடிய நெட்டுக்கு இந்த வருஷம் கேபிள் கம்பெனி மாத லிமிட் வைத்துவிட்டது. தாண்டினால் நத்தை வேகம், படம் நின்றுவிடும். அமாவாசையோ மாதக் கடைசியில் வந்து வந்து கழுத்தை அறுத்தது. இப்படி நின்று நின்றே துபாய், டொராண்டோ, சிட்னி என்று மூன்று சிஷ்யர்கள் சாத்தபுரம் வெங்கிட்ராம வாத்தியாரிடம் போய்விட்டார்கள். அவர் வீட்டில் லிமிட் இல்லாத பிளான். அதை வாசலில் போர்டு எழுதி மாட்டாததுதான் பாக்கி. ராமபத்ர வாத்தியாருக்கு மிச்சம் இருந்த ஒரே வெளிநாடு அமர்நாத்.

இன்று காலையிலேயே கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் படித்ததில் 'லிமிட்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. லிமிட் தீரப் போகிறது என்றே எடுத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா மாங்காத் தொக்கு பண்றவளுக்கு, அதை வீடியோல பாக்கறது எந்தினாக்கும், எதுக்கு?" என்று மனைவியின் மேல் பாய்ந்தார் வாத்தியார்.

"அவா தப்பாப் பண்றாளான்னு பாத்தேன். தப்பாத்தான் பண்றா. நீங்க மட்டும்? யானை குளிக்கறதை மூணு மணி நேரம் பாக்கலையா? நெஜ யானை ரெண்டு தெரு தள்ளி நிக்கறது. அதைப் போய்ப் பாத்தா ஜிபி செலவாகுமோ?"

"அது குருவாயூர் யானையாக்கும்!"

"எந்த ஊரு யானையா இருந்தா என்ன, தீந்தது நம்ம நெட்டு. கேபிள் ஆபீஸ் ஜிபினை விளியுங்கோ. கொஞ்சம் ஏத்திவிடுவான்."

வாத்தியார் செல்போனில் விளித்தார். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் சேஷம்மாள் டேப்லெட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அசையாத மனிதர்களிடம் ஒரு சௌகரியம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முறைத்துப் பார்க்கலாம்.

"ஏன்னா, இது சொந்த முடியா?"

"சே, சும்மா இரு," என்ற வாத்தியார் தானும் குனிந்து பார்த்தார். "போன அமாவாசைக்கு வகிடு இடது பக்கமா இருந்தது. இப்போ வலது பக்கம்."

"பத்மப்ரியா பாட்டுல உதிர்ந்திருக்கும். நவராத்திரிக்குப் பாடி அனுப்பினாளே, கேட்டேளோ? அதுல போச்சு ஒரு ஜிபி. ஆத்துக்காரியைப் பாடவிட்டுட்டு இவன் பக்கத்துல தாளம் வேற போடறான்!"

வாத்தியாருக்கும் குஷி பிறந்துவிட்டது.

"மூணு தலைமுறைப் பேரைச் சொல்லுன்னா, மூணாவது பேருக்கு நேரே குனியறான். மடியில சீட்டு எழுதி வெச்சிண்டிருக்கான். ஒரு தடவை சீட்டு தலைகீழாப் போய், தாத்தாவைக் கொள்ளுத்தாத்தாவாக்கிட்டான்!"

"நீங்க திருத்தலையா?"

"நான் எங்கே திருத்தறது? போன மாசம் லிமிட் முட்டப் போறதுன்னு பாதி மந்திரத்தை நானே முழுங்கியாச்சு. கடைசியில இவன் என்ன சொன்னான் தெரியுமோ? 'மாமா, இன்னிக்குத்தான் மனசுக்கு நெறைவா இருந்தது'ன்னான்!"

இருவரும் சிரித்தார்கள். சேஷம்மாள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்தாலும் பாவம்னா. இவனும் வெங்கிட்ராமன் கிட்ட போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

வாத்தியாரின் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"போக மாட்டான். வெங்கிட்ராமன் தானே விளிச்சு ஆசை காட்டியும், 'எங்க மாமா மாதிரி வருமா'ன்னு சொன்ன கொழந்தையாக்கும். நெட்டு வரட்டும். முதல்லேர்ந்து ஒரு அட்சரம் விடாம பண்ணி வெக்கறேன்."

செல்போன் அடித்தது. வாத்தியார் பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டார்.

"சாமீ, விளிச்சீங்களா?" என்றான் ஜிபின்.

"ஜிபினே, லிமிட் தீந்து போச்சப்பா. நியூஜெர்சிக்காரன் மூக்கைப் பிடிச்சபடி நின்னுட்டான். கொஞ்சம் ஏத்திவிடு, புண்ணியமாப் போகும்."

அந்தப் பக்கம் டக்டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது.

"தீர்ந்துச்சுன்னு யாரு சொன்னது? இன்னும் நாப்பது ஜிபி கெடக்குது சாமி. லைனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஃபுல் ஸ்பீடு!"

வாத்தியாரும் சேஷம்மாளும் மெதுவாக, மிக மெதுவாக டேப்லெட்டின் பக்கம் திரும்பினார்கள்.

கண்ணைத் திறக்காமல், விரலையும் எடுக்காமல், அமர்நாத் அடைத்த குரலில் கேட்டான்:

"மாமா, ஆறு நிமிஷமாச்சு... மூக்கை விடலாமா?"