மகளிருக்குத் தனிக் கவனம்

“சார், மறுபடியும் மேடம் காலை மிதிச்சிட்டீங்க” என்றாள் நடன ஆசிரியை.

“மிதிக்கலம்மா. பிரேக் போட்டேன்” என்றார் அவர்.

பழக்க தோஷம். ஊரில் பாதிப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எதிரே எது வந்தாலும் வலது கால் தானாக அழுந்திவிடும்.

இங்கே எதிரே வந்தவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அழுந்தியது மனைவியின் கால் விரல்.

நடன வகுப்புக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. தினமும் காலையில் அவள் பஸ் ஸ்டாப்பில் கால் கடுக்க நிற்பாள். அவருடைய மாணவிகள் ஹாரன் அடித்து, கையும் காட்டிவிட்டு அவளைக் கடந்து போவார்கள்.

“எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்களேன்” என்று அவள் கேட்காத வாரமில்லை. ஸ்கூல் போர்டில் ‘மகளிருக்குத் தனிக் கவனம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிற மனிதருக்கு, வீட்டு மகளிர் கேட்டால் மட்டும் காது கேட்காது.

“உனக்குப் பதட்டம் ஜாஸ்தி. நிதானம் கிடையாது. ரோட்டுல போறவன் உயிருக்கு யாரு பதில் சொல்றது?” என்பார்.

ஒருநாள் நச்சரிப்பு தாங்காமல், “காரைத் தவிர வேற என்ன வேணா கத்துக்கோ. டான்ஸ் கத்துக்கறேன்னாகூட நானும் கூட வர்றேன், போதுமா?” என்று வாயை விட்டுவிட்டார். அவள் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். சில மாதம் கழித்து, கடைவீதியில் ஒரு மாடியில் வால்ட்ஸ் என்கிற மேல்நாட்டு ஜோடி நடன வகுப்பு தொடங்கியதும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“வால்ட்ஸ்ல ஒருத்தர் நடத்தணும், ஒருத்தர் அவங்க கை சொல்றபடி பின்பக்கமா நடக்கணும்” என்று ஆசிரியை விளக்கினாள். “மேடத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. நீங்கதான் அவங்களுக்குக் கண்ணு. எங்கயாவது இடிச்சா தப்பு உங்க மேலதான் சார்.”

“எனக்கேவா? அடுத்தவங்களுக்கு வழி காட்டறதுதாம்மா என் பொழைப்பே.”

சொல்லி வாய் மூடவில்லை, மனைவியின் முதுகு, ஆட வந்திருந்த ஒரு பல் டாக்டரின் முதுகில் போய் முட்டியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கிளம்பி, சுவரிலிருந்த ஆளுயரக் கண்ணாடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“நீ ஏன் நேரா வரவே மாட்டேங்கிற?” என்று மனைவி மேல் எரிந்து விழுந்தார்.

“சார், நீங்க தள்ளின பக்கம்தான் அவங்க போறாங்க” என்றாள் ஆசிரியை. “கொஞ்சம் மாத்திப் பார்க்கலாம். மேடம் நடத்தட்டும். நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பின்னால போங்க.”

“இவளா?” என்று சிரித்தார். “எதுக்கும் ஆம்புலன்சுக்குச் சொல்லி வச்சிடும்மா.”

பாட்டு தொடங்கியது. அவர் கண்ணை மூடினார். இதோ இடிக்கப்போகிறது என்று வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. ஒன்றும் இடிக்கவில்லை. உள்ளங்கையில் லேசாக ஓர் அழுத்தம் வந்தால் திரும்பினார். தோளில் விரல் பட்டால் நின்றார். பல் டாக்டரின் பேச்சுக்குரல் பக்கத்தில் கேட்டு, உரசாமல் விலகிப் போனது.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால், கூடத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் கைதட்டினார்கள்.

“முதல் நாளே இவ்வளவு நிதானமா நடத்தி நான் பார்த்ததில்ல மேடம்” என்றாள் ஆசிரியை.

நிதானம் என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மனைவிக்குப் பின்னால் படியிறங்கினார். பாவம், இத்தனை நாள் இவளை அலைய விட்டுவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கார் பக்கத்தில் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வா. நானே கத்துத் தர்றேன்.”

“வேணாங்க.”

“கோபமா?”

“கோபமெல்லாம் இல்ல. லைசென்சே வாங்கியாச்சு. போன மாசம்.”

வருத்தமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “எவன்கிட்ட கத்துக்கிட்ட? அடுத்த தெருக்காரன்கிட்டயா? மாஸ்டர் பொண்டாட்டியே வேற ஸ்கூலுக்குப் போனான்னு தெரிஞ்சா, நாளைக்கு எவ என்கிட்ட வந்து சேருவா? என் பேரைக் கெடுக்கணும்னே கிளம்பியிருக்கியா?”

“அது எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “அதுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி, நம்ம முகமே தெரியாத இடத்துல போய்க் கத்துக்கிட்டேன். அங்க, வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. நிஜத்தைச் சொன்னா உங்களுக்குத்தானே தலைகுனிவு? அதனால ஒரு பொய் சொல்லிட்டேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

“என்னன்னு சொன்ன?”

அவர் கையிலிருந்த சாவியை அவள் வாங்கிக்கொண்டாள்.

“டான்ஸ் மாஸ்டர்னு. அடுத்த வாரமாவது கொஞ்சம் ஒழுங்கா ஆடுங்க.”