நேற்று வந்தவர்கள்

இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை. புதிதாக வாங்கியவர், “முதலில் கட்டியபடியே இருக்கட்டும், பிறகு சேர்த்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

முகப்பில் நின்ற வெள்ளைத் தூணுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்திலிருந்த கண்ணாடி அறையிடம், “நேத்து வந்தவங்கல்லாம் கிளம்புங்கப்பா,” என்றது.

“நான் வந்து நூறு வருஷமாச்சுண்ணே.”

“அதைத்தான் நேத்துங்கிறேன்.”

கண்ணாடி அறையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். பிறகு ஏணியைக் கொண்டுவந்து தூணின்மேல் சாய்த்தார்கள்.

“நான் இருநூறு வருஷமா இங்கேயே நிக்கிறேனே,” என்று தூண் பதறியது.

“வீட்டுக்கு வயசு நானூறு, தம்பி,” என்று சிரித்தது செங்கல் புகைபோக்கி. “இங்க முதல்ல வந்தவன் நான்.”

அதன் அடியில், மாளிகைக்கும் முன்பு அங்கிருந்த தேவாலயத்தின் கல் ஒன்று மெல்லக் கனைத்தது.