திங்கட்கிழமை வரும் ஆள்

வருஷம் ஐம்பத்தெட்டா ஐம்பத்தொன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டீச்சர் கையில் இருந்தது நோட்டா, வெறும் தாளா என்பதும் மறந்துவிட்டது. அவர் ஆடுகளை எண்ணி எழுதினார் என்பது மட்டும் நிச்சயம்.

"நாலு உருப்படி, ரெண்டு குட்டி. அவ்வளவுதானே?" என்றார் ஜானகியம்மாள் டீச்சர்.

பத்திரகாளி பட்டிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஆட்டுப்பட்டியில் என்ன வேலை என்று அவளுக்கு விளங்கவில்லை.

"யாரு மேய்க்கா?"

"எம்மவ இசக்கிதான். மூணாப்போட நிப்பாட்டிட்டோம்லா."

"எந்தப் பக்கம் பத்திட்டுப் போவா?"

"ஓடைக்கரைக்கு. அங்கன புல்லு இல்லன்னா கரட்டுப் பக்கம்."

"எந்த ஆடு கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு ஓடும்?"

"அந்த மொட்டை ஆடு. மத்ததெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும்."

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார். பத்திரகாளி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எதுக்கு டீச்சரம்மா இதெல்லாம்?"

டீச்சர் அடுத்த வீட்டு ஆடுகளை எண்ணக் கிளம்பினார். "இப்பம் சொல்லுததுக்கில்ல. திங்கக்கிழமை ஆளோட வாரேன்."

போன வருஷம் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வரும் என்று சொல்லி, அது வராமல் போய்விட்டது. அதிலிருந்து கைக்கு வராத எதையும் டீச்சர் வாயால் சொல்வதில்லை.

அந்த ஆடுகள்தான் பத்திரகாளிக்கு வேலி. குட்டி விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. மூத்தவள் ராஜமணி தீப்பெட்டி ஆபீசில் மருந்து பற்றிக்கொண்டு இரண்டு கையும் வெந்து வந்தவள். இன்றும் தாய்தான் சோறு ஊட்டவேண்டும். ஆடு இருக்கும்வரை சின்னவள் ஆட்டின் பின்னால் போவாள். ஆடு போனால் அவளும் தீப்பெட்டி ஆபீஸ் லாரியில் ஏறவேண்டியதுதான்.

அந்த லாரியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிற ஏஜெண்டு கொம்பையா அன்று சாயங்காலமே வந்து நின்றான்.

"என்ன மதினி, ஆட்டையும் ஒண்ணாப்புல சேக்கப் போறாவளோ?"

"வெளாட்டு வேண்டாம், கொம்பையா. எதுக்கு எண்ணிட்டுப் போறாவ?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "பள்ளிக்கூடத்துக்குன்னு மாநாடு போட்டு ஊர்ல ரூபா பிரிச்சாவள்லா? மதில் கட்ட அது பத்தலயாம். பிள்ளையப் படிக்க அனுப்பாத வீட்டுல ஆட்டைப் பிடிக்கப் போறாவ. எண்ணுன பத்து வீட்டையும் நெனச்சுப் பாருங்க. பிள்ளைய ஆட்டுக்கு அனுப்புத வீடாத்தான இருக்கு?"

பத்திரகாளி ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சும்மா போறதுக்கு, சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில வந்த வெலைக்குத் தள்ளிருங்க. சின்னவளுக்கு நம்ம ஆபீஸ்ல எடம் இருக்கு. மருந்துப் பக்கம் விடமாட்டேன். லேபிள் ஒட்டத்தான்."

மறுநாள் அவள் பள்ளிக்கூட வாசல்வரை போனாள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை ஆடுகள் போயின. மொட்டை ஆடு அன்றைக்கும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து வீட்டைப் பார்த்து ஓடியது. இசக்கிதான் அழுதுகொண்டே அதைப் பிடித்து வந்தாள்.

திங்கட்கிழமை விடியும்போது லாரி வந்தது. "ஏட்டி, திரும்பிப் பாக்காம ஏறு" என்றாள் பத்திரகாளி.

லாரியின் புழுதி அடங்கிய பிறகு, காட்டுப் பாதையில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் டீச்சர். பின்னால் சங்கிலிப்பாண்டி என்ற வெளியூர்க்காரர். தோளில் நீளத் தொரட்டிக் கம்பு, கையில் தூக்குச்சட்டி.

பத்திரகாளி படலைத் தானே திறந்து காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க டீச்சரம்மா. ஒரு குட்டிகூடக் கெடையாது. எல்லாத்தையும் வித்தாச்சு. இனி எதைப் பிடிப்பீய?"

"இசக்கி எங்க?"

"தீப்பெட்டி ஆபீசுக்கு. இப்பந்தான் லாரி போவுது."

டீச்சர் லாரி போன திசையைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டி தொரட்டியைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றினார். யாரும் பேசவில்லை.

அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரியாது. அதற்குள் பின்னால் நடந்ததைச் சொல்லி முடித்துவிடலாம். சங்கிலிப்பாண்டி நாலு வருஷம் அந்த ஊரில் இருந்தார். கொம்பையா பேச்சை நம்பாத மற்ற ஒன்பது வீட்டுப் பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்புத் தேறினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மதில் எழும்பவே இல்லை. டீச்சர் ஓட்டப்பிடாரத்துக்கு மாற்றலாகிப் போனார். கொம்பையா சொந்தமாக லாரி வாங்கினான். ஆடு விற்ற பணத்தில் ஒரு குட்டிகூடத் திரும்ப வாங்க முடியவில்லை. அரிசிக்கும் ராஜமணியின் வைத்தியத்துக்குமே அது சரியாகப் போனது. இசக்கி லேபிள் ஒட்டியது மூன்று மாதம்தான். பிறகு மருந்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பத்திரகாளி கடைசிவரை இரண்டு பேருக்குச் சோறு ஊட்டினாள்.

அன்று காலை டீச்சர் சொன்னது இவ்வளவுதான்:

"மதில் வேண்டாம்னுட்டு, அந்த ரூபாயில ஆடு மேய்க்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன், பத்திரகாளி. இசக்கி படிக்கட்டும்னு."