சரிக்குட்டி

"பல்லுத் தடம் எப்படிப் பதிஞ்சிருக்கு, நீங்களே பாருங்க மேடம்!"

சித்தப்பா தன் புறங்கையைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் நீட்டினார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அண்ணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடித்தது அவள் பெற்ற பெண்ணாயிற்றே, எந்த முகத்தோடு நிமிர்வாள்?

அது சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி. பதினாலு வயதாகும் அந்தப் பெண்ணுக்கு அங்கே 'சரிக்குட்டி' என்று பெயர். பேச்சு அதிகம் வராது. யார் எதைச் சொன்னாலும் "சரி" என்று தலையாட்டுவாள். 'நல்ல பிள்ளை' பேட்ஜ் மாதா மாதம் அவள் சட்டையில்தான் ஏறும்.

எல்லாம் புது டீச்சர் வருகிற வரைக்கும்.

"நேத்து ஜன்னல் வழியா நானே பார்த்தேன்," என்று தலைமையாசிரியை அறையில் நின்றிருந்த அந்தப் புது டீச்சர் பக்கம் திரும்பினார். "பசையை எடுத்து அவ கையில தடவப் போறீங்க. அவ உள்ளங்கையைக் காட்டி 'வேண்டாம்'ங்கறா. உடனே எடுத்துட்டு நன்றி சொல்றீங்க! காதுகிட்ட விசிலைக் கொண்டு போறீங்க. 'வேண்டாம்.' அதுக்கும் நன்றி! அடம் பிடிக்கிறதுக்குக்கூடவா வகுப்பு எடுப்பாங்க?"

"அடம் இல்லீங்க மேடம். பிடிக்காததைப் பிடிக்கலைன்னு சொல்லத் தெரியணும். பல் தேய்க்கறது, பட்டன் போடறது மாதிரி அதையும் பழக்கித்தான் ஆகணும்."

"சொன்ன பேச்சைக் கேக்க வைக்க நாங்க எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்போம்! எல்லாத்தையும் ஒரே மாசத்துல குட்டிச்சுவராக்கிட்டீங்களே!"

"நல்லா கேளுங்க மேடம்," என்றார் சித்தப்பா. "அண்ணனுக்கு வெளியூர்ல வேலை. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில ஷிப்டு. தினமும் என் வண்டியில கூட்டிட்டுப் போய், அண்ணி வர்ற வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கறேன். வண்டியில ஏறும்மான்னு சொன்னதுக்கு நேத்து எனக்கு இந்தக் கதி. நான் பெத்த பொண்ணு மாதிரி மேடம் அவ!"

அவரைப் பற்றிக் கேட்டால் ஆயாவிலிருந்து வாட்ச்மேன் வரை ஒரே வாயாகப் புகழ்வார்கள். வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் வாங்கி வருவார். இப்படி ஒரு கொழுந்தன் அமையக் கொடுத்து வைத்திருக்கணும் என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் ஆமாம் என்பாள்.

"இன்னையோட அந்த வகுப்புக்கு முழுக்கு," என்றார் தலைமையாசிரியை. "நாளையிலேர்ந்து பாப்பா பழைய டீச்சர்கிட்டயே இருக்கட்டும். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சரிங்க மேடம்."

பெண்ணுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அம்மாவுக்குப் பழக்கமே கிடையாது.

"அவளைக் கூட்டிட்டு வாங்க. முதல்ல சித்தப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்."

ஆயா கூட்டி வந்தாள். சரிக்குட்டி வாசலைத் தாண்டியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஸாரி சொல்லும்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"விடுங்க மேடம், குழந்தைதானே," என்று சிரித்தபடி எழுந்தார் சித்தப்பா. "வாடா செல்லம், நாம வீட்டுக்குப் போலாம்."

அவர் கை நீண்டது. அவள் உள்ளங்கை உயர்ந்தது.

"வே... வேண்டாம்."

"பார்த்தீங்களா! என் முன்னாடியே!" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் அதைக் காதில் வாங்காமல் அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேம்மா. வீட்டுல உங்ககிட்ட எப்பெல்லாம் இப்படிக் கையைத் தூக்கறா?"

"என்கிட்டயா?" அம்மா யோசித்தாள். "குளிக்க வான்னா வர்றா. தட்டுல வெச்சதைச் சாப்பிடறா. போன வாரம் ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன். அழுதுக்கிட்டே கையை நீட்டினாளே தவிர வேண்டாம்னு சொல்லலை."

"அவங்க அப்பா லீவுல வந்தப்போ?"

"அவர் பக்கத்தை விட்டு நகரவே இல்லை."

"அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது?"

"இல்லையே டீச்சர். எனக்கு லீவு இருக்கற அன்னிக்கு, தம்பியோட வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில படுத்துக்குவா. விளையாடறான்னு நான்..."

அம்மா கொழுந்தன் கையிலிருந்த பல் தடத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

தலைமையாசிரியையின் பார்வையும் அந்தக் கையிலேயே நின்றது.

"என்ன டீச்சர், என்ன சொல்ல வர்றீங்க?" சித்தப்பாவின் குரல் ஏறியது. "இவங்ககிட்ட என்ன அண்ணி பேச்சு? எழுந்திரிங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, போலாம்."

அம்மா எழுந்தாள். வழக்கம்போல "சரி தம்பி" என்றுதான் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் நடந்து போய் மகளை மறைத்தபடி நின்றாள். மகளைப் போலவே உள்ளங்கையை உயர்த்தினாள்.

"வேண்டாம்."