தோசையில் புடைத்த எண்

வெள்ளியங்கிரி போத்தனூரில் பழைய கார்களை உடைத்து இரும்பாக விற்பவர். உடைக்கும்போது அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணையும் அழித்து, ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பழனாத்தாளின் கணவர் வால்பாறை மலைப்பாதையில் உருண்டு செத்த கார் அவரிடம்தான் வந்தது.

"இந்த நம்பர்ல இனியொரு வண்டி ஓடக்கூடாதுங்கண்ணா" என்று அவள் கும்பிட்டாள்.

"அழிச்சுப்போடறேன், அம்மணி" என்றவர், எண்ணுள்ள தகட்டை வெட்டி, திருட்டுக் காரில் பொருத்தி விற்பவனுக்குக் காசுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு காலை, நன்றி சொல்லக் கொய்யாப்பழங்களோடு பழனாத்தாள் அவர் வீட்டுக்கே வந்தாள். சாப்பிடாமல் அனுப்புவாளா அவர் மனைவி? இருவருக்கும் தட்டு வைத்தாள்.

முதல் தோசை வெள்ளியங்கிரிக்கு வந்தது. முறுகிய பக்கத்தில் அந்த எண் அப்படியே புடைத்திருந்தது. அவசரமாகப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டார். அடுத்த தோசை, அதே எண்ணோடு, பழனாத்தாளுக்குப் போனது. அவர் தலை தானாகக் குனிந்தது.

பழனாத்தாள் தோசையைச் சற்று நேரம் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு எண் உள்ளே போகும்படி மடித்து, மெதுவாகத் தின்று முடித்தாள்.

"இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எனக்குப் போதுங்க" என்றாள். "அண்ணனுக்கு வையுங்க."